பாதுகாப்புப் பொறுப்பு முழுவதும் என் பெயரில் கடிதம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஷிஃப்ட் சூப்பர்வைசர்

பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், எனக்குக் கீழே பதினொரு பேர். போன வாரம் மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். "இன்று முதல் இப்பிரிவின் பாதுகாப்பு, உடல்நலம் சார்ந்த அனைத்துக்கும் தாங்களே முழுப் பொறுப்பு." ஒரே வரி. அதன் கீழே என் பெயரும் கையெழுத்துக்கு ஒரு கோடும்.

பொறுப்பைக் கண்டு நான் பயப்படவில்லை. ஆனால் கன்வேயர் செயினில் கை படாதபடி மூடும் கார்டில் (காப்பு மூடியில்) நான்கு போல்ட்டில் இரண்டு இல்லை. ஓட்டை தேய்ந்துவிட்டதால் புது போல்ட்டும் நிற்காது. மூன்று மாதமாகக் கட்டுக்கம்பி போட்டுச் சமாளிக்கிறோம். புது கார்டு கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பணம் ஒதுக்கவில்லை. மெஷினை நிறுத்துவதென்றால் உற்பத்திப் பிரிவு சம்மதிக்க வேண்டும். நாளைக்கு அதில் ஒருவர் விரல் போனால் இந்தக் கடிதத்தைத்தானே எடுத்து வைப்பார்கள்?

பதில் 1: வெல்டர்

போடாதீர்கள் சார். முதலில் அந்தக் கார்டை மாற்றச் சொல்லுங்கள்.

பதில் 2: பாதுகாப்பு அலுவலர், 22 வருடம்

மறுக்கவும் வேண்டாம், அப்படியே கையெழுத்தும் போட வேண்டாம். திருத்தி எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதில் தப்பே இல்லை. கட்டுக்கம்பியைத் தினமும் பார்ப்பவர் நீங்கள்தான், மேலே இருப்பவர் இல்லை. ஆனால் 'முழுப் பொறுப்பு' என்று எழுதித் தந்ததும் மேலிடம் கை கழுவிவிட முடியாது. 2018-இல் வந்த, பணியிடப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001-ஏ இதைச் சொல்கிறது: பொறுப்பையும் அதிகாரத்தையும் கீழே ஒப்படைக்கலாம், இறுதியில் பதில் சொல்ல வேண்டியது உயர் நிர்வாகம்தான். பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை 1981-லேயே சொல்லிவிட்டது. சட்ட வாசகம் நாட்டுக்கு நாடு மாறும், அதை உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் எந்தெந்த மெஷின் உங்கள் பொறுப்பு என்று பெயர் சொல்லி இருக்க வேண்டும். ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் நிறுத்தும் அதிகாரம் வேண்டும். இது இல்லாத கடிதம் வெறும் காகிதம். மேலே கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம், அதற்கு மேல் போனால் யாரிடம் எழுத்தில் கொடுப்பது என்பதும் வேண்டும். அப்புறம் பயிற்சி, நீங்கள் லீவில் போனால் யார் என்பது.

ஆரம்பத்தில் நானே ஒருவருக்கு இப்படி ஒரு வரிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். லாக்கவுட் பூட்டுகளுக்கு, அதாவது மெஷினில் ஆள் வேலை செய்யும்போது யாரும் சுவிட்சைப் போடாதபடி மாட்டும் பூட்டுகளுக்கு, அவர் பொறுப்பு என்று எழுதினேன். பூட்டு வாங்கித் தரவில்லை. ஆறு பேர் வேலை செய்யும் மெஷினுக்கு ஒரே பூட்டு, சாவி ஆணியில் தொங்கியது. ஒரு நாள் உள்ளே ஆள் இருக்கும்போதே யாரோ திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டார். உள்ளே இருந்தவர் தப்பியது அதிர்ஷ்டம். விசாரணையில் அந்தப் பொறுப்பாளர் தலைகுனிந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. நிற்க வேண்டியவன் நான்.

பதில் 3: லேத் ஆபரேட்டர்

இதெல்லாம் கேட்டால் ஒத்துழைக்கவில்லை என்று முத்திரை குத்த மாட்டார்களா?

பாதுகாப்பு அலுவலர்

வாயால் சொன்னால் குத்தலாம். "பொறுப்பை ஏற்கிறேன், அதைச் செய்ய இவை தேவை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கார்டுக்கு எழுதிய இரண்டு கடிதங்களின் நகலும் கூடவே இருக்கட்டும்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர்

நேற்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். நிறுத்தும் அதிகாரத்துக்குச் சம்மதம், செலவு வரம்பைப் பற்றி மேலே கேட்டுச் சொல்கிறாராம். அதனால் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கார்டு மட்டும் இன்று காலை வந்தது. நாற்பது நிமிடம் லைனை நிறுத்தி, நான்கு போல்ட்டும் முறுக்கிவிட்டோம்.