பழைய இங்கிலீஷ் டபுள் பேரல், 1.6 லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா?

ஏற்காடு மிளகு:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் 11 ஏக்கர் காப்பி, ஊடே மிளகு. வீடு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர். நாலு வருடம் அலைந்து, போன மாதம்தான் தற்காப்புக்கான லைசென்ஸ் கைக்கு வந்தது. டி.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கி) ஒன்று வாங்கலாம்.

மேல் தோட்டத்துப் பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய 12 போர் துப்பாக்கியை மகன் விற்கப் பார்க்கிறார். இரண்டு குழலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பழைய மாடல், வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) தெரியாது, உள்ளேயே இருக்கிறது. பக்கத் தகடு முழுக்கப் பூவேலை, நடுவில் ஒரு பறவை. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று இருக்கிறது. கறுப்பு பாலிஷ் புதுசு போல மின்னுகிறது. "இந்த மாதிரி இனிமேல் வராது" என்று சொல்லி 1.6 லட்சம் கேட்கிறார்.

எனக்குக் கவாத்துக் கத்தி தெரியும், துப்பாக்கி தெரியாது. பேசாமல் இஷாப்பூர் அரசு ஆலையில் செய்த புதுசு ஒன்றை வாங்குங்கள் என்கிறாள் மனைவி. எதைப் பார்த்து முடிவு செய்வது?

சந்தேகப் பேர்வழி:

துப்பாக்கியை அப்புறம் பார்க்கலாம், முதலில் காகிதத்தைப் பாருங்கள். லைசென்ஸ்காரர் இறந்த அன்றைக்கே அது வீட்டில் இருக்கக்கூடாத பொருளாகிவிடுகிறது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைத்த ரசீது இருக்கிறதா? ரசீதில் உள்ள நம்பரும் துப்பாக்கியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா? தனியாரிடம் நேரடியாக வாங்குவது என்றால், விற்பவர் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். "கையெழுத்தெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, கோயமுத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் 31 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். இப்போது பேரன் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

பூவேலையில் மயங்காதீர்கள், பூ சுடாது. பட்டையில் இருக்கும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பி. ஆர் அண்ட் சன்ஸ் மவுண்ட் ரோட்டில் கடிகாரம் விற்றவர்கள், கூடவே துப்பாக்கியும் விற்றார்கள். செய்தது பெரும்பாலும் பர்மிங்ஹாமில் ஏதோ ஒரு பட்டறையாக இருக்கும். பேரலைக் கழற்றிக் கவிழ்த்தால் பின்முனையில் ஒரு தட்டையான இடம் இருக்கும். அதன் ஜாதகம் அங்கேதான் குத்தியிருக்கிறது. போட்டோ எடுத்துப் போடுங்கள்.

இனி கையால் பார்க்க வேண்டியது. முதலில் திறந்து, இரண்டு சேம்பரும் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வராது. அப்புறம் முன்கட்டையை, அதாவது பேரலுக்கு அடியில் இருக்கும் மரத்தைக் கழற்றிவிட்டுப் பேரலை மறுபடி மூடுங்கள். முன்கட்டை இருக்கும்வரை அது இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும். ஒரு கையில் பேரல், ஒரு கையில் பின்கட்டையின் கழுத்து. குலுக்குங்கள். 'டக்' என்று லேசாகத் தட்டுப்பட்டாலும் கீல் முள் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேரலின் பின்முகத்துக்கும் எதிர்த் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவர், மூடியபின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நின்றால் நல்லது. இடப்பக்கம் தாண்டிப் போயிருந்தால் நிறைய உழைத்த துப்பாக்கி. சில பேர், பேரலுக்கு அடியில் கீல் முள்ளைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியைச் சுத்தியால் தட்டி விரித்து, 'கெட்டியாக' ஆக்கி விற்பார்கள். கொக்கியின் பக்கவாட்டில் அடித்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நானே சின்ன வயதில் முதலாளி சொல்லி அப்படித் தட்டியிருக்கிறேன், ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பேரல்தான் துப்பாக்கி, மற்றதெல்லாம் பிடி. தனியாகக் கழற்றி, கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, பென்சிலால் தட்டுங்கள். கோயில் மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். செத்த சத்தம் வந்தால் நடுப்பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் போயிருக்கும். அடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்முனையிலிருந்து உள்ளே பாருங்கள். வட்டம் வட்டமாக நிழல் ஓடும். வட்டம் ஓரிடத்தில் நசுங்கினால் அங்கே குழிவு, கறுப்பு வளையமாகத் தெரிந்தால் வீக்கம். வீக்கம் இருந்தால் பேச்சே வேண்டாம். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், துருக்குழியை எடுக்கத் தேய்த்திருப்பார்கள். தேய்த்தால் சுவர் மெலியும். எங்கள் கடையில் 20 தௌ, அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனதை முதலாளி தொடமாட்டார். வாய்முனையில் இரண்டு குழலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நடுவே இடைவெளி விட்டு ஈயம் அடைத்திருந்தால் யாரோ குழலை அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்துவது அந்த மின்னுகிற கறுப்புதான். அந்தக் காலத்துக் கறுப்பு என்பது துருவை ஏற்றி, வெந்நீரில் வேகவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பல தடவை திரும்பச் செய்து வருவது. மங்கலாக, வெல்வெட் போல இருக்கும். இப்போது சுலபமாகக் கொதிக்கிற காரத் (காஸ்டிக் சோடா) தொட்டியில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். ஒற்றைக் குழலுக்கு அது சரி. இரட்டைக்குழலில் அந்தக் காரம் ஈயப்பற்றைத் தின்றுவிடும்.

காலி சேம்பரில் விசையை 'டிக் டிக்' என்று இழுத்து விளையாடாதீர்கள், பழைய ஊசி உடையும். டம்மி தோட்டா கேளுங்கள். முன் விசை வலக் குழலுக்கு, பின் விசை இடக் குழலுக்கு.

பனங்கொட்டை:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது பர்மிங்ஹாமில். ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டு சுடப் போவேன். ஃபிட்டர் ஐயா சொன்ன முத்திரை விஷயத்தில் கொஞ்சம் சேர்க்கலாம்.

இங்கே பான்பரி தெருவில் புரூஃப் ஹவுஸ் இருக்கிறது, 1813இல் பாராளுமன்றச் சட்டம் போட்டுத் தொடங்கினது. வேண்டுமென்றே கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள், தாங்கினால் முத்திரை. கிரீடத்துக்குக் கீழே 'என்.பி.' என்றால் நைட்ரோ மருந்துக்கு (இன்றைய புகையில்லா வெடிமருந்து) சோதித்தது. 'என்.பி.' இல்லாமல் குறுக்குக் கோல்கள் மட்டும் என்றால் கரிமருந்துக் காலத்துப் பேரல், இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. '1⅛ அவுன்ஸ்' என்று இருந்து, பக்கத்தில் இரண்டரை அங்குலம் என்று சேம்பர் நீளமும் இருந்தால் 1925க்கும் 1954க்கும் இடையில் வந்தது. டன் கணக்கில் அழுத்தம் எழுதியிருந்தால் 1954க்குப் பிறகு.

அந்த இரண்டரை அங்குலத்தை மறக்க வேண்டாம். அது 65 மில்லி தோட்டாவுக்கானது. 70 மில்லி தோட்டாவைப் போட்டாலும் சிரமமில்லாமல் உள்ளே போகும், மூடவும் மூடும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் நீளம் என்று எழுதுவது வெடித்து விரிந்த பிறகு உள்ள நீளத்தை. மடித்த வாய் விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கும் இடத்தில் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும்.

விலையைக் கேட்டுத்தான் எனக்கு மயக்கம் வந்தது. எஜெக்டர் (சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் பொறி) இல்லாத பர்மிங்ஹாம் துப்பாக்கி ஒன்றை நான் 180 பவுணுக்கு வாங்கினேன்.

பழைய ஃபிட்டர்:

இங்கே 1980களில் இறக்குமதிக் கதவைச் சாத்தினார்கள், அதனால்தான் இந்த விலை. துப்பாக்கியின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏற்காடு மிளகு:

நேற்று சேலம் போய்ப் பார்த்தேன். டீலரிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். ரசீது சரி, பேரல், பெட்டிப்பகுதி, முன்கட்டை மூன்றிலும் ஒரே நம்பர். முத்திரையில் கிரீடமும் 'என்.பி.'யும் 1⅛ அவுன்ஸும் இரண்டரை அங்குலமும் இருக்கின்றன. முன்கட்டையைக் கழற்றிக் குலுக்கினால் ஆட்டம் துளிகூட இல்லை. இதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பென்சிலால் தட்டினேன். மணி இல்லை, தேங்காய்ச் சிரட்டை. பெரியவர் போன பிறகு 'பார்வைக்கு நன்றாக இருக்கட்டும்' என்று பாலிஷ் போடக் கொடுத்தார்களாம். எங்கே, எப்படி என்று மகனுக்குத் தெரியவில்லை. 65 மில்லி தோட்டா கிடைக்குமா என்று கேட்டேன். "70 போடுங்க சார், எல்லாரும் அதைத்தான் போடறாங்க" என்றார் கடையில் இருந்தவர்.

பழைய ஃபிட்டர்:

நடுப்பட்டையின் ஓரத்தில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தீர்களா? குமிழ் வந்தால் பற்று விட்டது உறுதி. பட்டை முழுவதையும் எடுத்து, உள்ளே சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். நான் செய்திருக்கிறேன். இன்று செய்பவர் யார் என்று கேட்டால் எனக்கு இரண்டு பேர்தான் ஞாபகம் வருகிறார்கள், ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாவம், அந்தக் கீல் ஆடாமல் இருக்கிறது என்றால் பெரியவர் அதை நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறார்.

ஏற்காடு மிளகு:

இன்று காலை மறுபடி போனேன். ஏழெட்டுக் குமிழ் வந்தது. மகனையும் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 90 ஆயிரத்துக்கு இறங்கினார். வேண்டாம் என்றுவிட்டேன். இஷாப்பூருக்கே சொல்லியாகிவிட்டது, மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள்.

பெரியவரின் தோல் பெட்டி ஓரமாகக் கிடந்தது. உள்ளே சிவப்புத் துணி, துடைக்கும் கோல், அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'தேங்காய் எண்ணெய் போடாதே, மார்கழியில் உறைகிறது.' 4,000 ரூபாய்க்கு அதை வாங்கி வந்தேன். அதற்கு லைசென்ஸ் வேண்டாமே.