கோயில் காட்டில் சீமைக் கருவேலம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் அய்யனார் கோயில் காடு ஆறு ஏக்கர் சொச்சம். வீரை, காயா, உசிலை, குருந்து என்று பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன. சாமிக்குப் பயந்து காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். சீமைக் கருவேலத்துக்குத்தான் அந்தப் பயம் இல்லை. கண்மாய்க் கரையிலிருந்து ஏறி மண்குதிரைகளின் காலடி வரை வந்துவிட்டது.

போன வருஷம் இளைஞர்கள் சேர்ந்து நாலு ஞாயிறு வெட்டினோம். ஒரே மழை, ஒவ்வொரு அடிக்கட்டையிலும் பத்துப் பதினைந்து தளிர். போதாததற்கு ஆடுகள் காயைத் தின்றுவிட்டுப் புழுக்கையோடு விதையையும் உள்ளே போட்டுவிட்டுப் போகின்றன. ஜேசிபி விடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். விட்டால் வீரை வேரும் சேர்ந்து கிழியும், எனக்கு மனசு வரவில்லை. சரி, மருந்து தடவலாம் என்றால் பக்கத்திலேயே ஊருணி.

மண்வெட்டி, கடப்பாரையோடு ஆள் வைத்தே வேரை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள்? ஏக்கருக்கு எத்தனை ஆள் பிடித்தது? வெட்டிய இடத்தில் நட வீரை, காயா நாற்று எந்த நர்சரியில் கிடைக்கும்? நாங்கள் போட்ட வீரை விதை ஒன்றுகூட முளைக்கவில்லை.

அப்புறம், 2022இல் மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பல வகை உயிர்கள் வாழும் பாதுகாக்க வேண்டிய இடமாக, அறிவித்தார்களே, அதுபோலச் சின்னக் காட்டுக்கும் கேட்கலாமா? ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை உண்மையிலேயே இயக்குபவர்கள், உங்கள் தீர்மான நகல் இருந்தால் தாருங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டும்.