மறு: ‘நிறுவனச் சமயம்’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

> தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவல் பற்றிய கட்டுரையில் ‘இன்ஸ்டிடியூஷனல் ரிலிஜன்’ வரும் இடமெல்லாம் முதலில் ‘மதம்’ என்றே போட்டிருந்தேன். மாற்றச் சொன்னார்கள். இப்போது ‘நிறுவனச் சமயம்’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

மாற்றச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாவலுக்குள் வரும் ‘மத விசாரணைத் தலைவர்’ என்ற கதையைச் சொல்பவன் கடவுளோடு மல்லுக்கு நிற்கும் இவான். கேட்டு முடித்த தம்பி அல்யோஷாவோ, இது இயேசுவுக்குப் புகழ்ச்சிதான், நீ நினைத்த மாதிரி பழிப்பு அல்ல என்கிறான். ‘மத எதிர்ப்புக் கதை’ என்று எழுதிவிட்டால் அல்யோஷா ஏன் அப்படிச் சொல்கிறான் என்று வாசகர் முழிப்பார்.

ஆனால் ‘நிறுவனச் சமய’மும் இங்கே சரியாக உட்காரவில்லை. ‘நிறுவனம்’ என்றால் கம்பெனிதானே என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். அது பழகிப்போகும். எனக்குள்ள தடை நாவலிலிருந்தே வருகிறது. தாஸ்தாயெவ்ஸ்கி மிகவும் மதித்துப் படைத்த துறவி சொசீமா இருப்பது ஒரு மடாலயத்தில். அங்கே ஒழுங்கு உண்டு, தலைமை உண்டு, கீழ்ப்படிதல் உண்டு. அதுவும் நிறுவனம்தான். அதை அவர் சாடவில்லையே.

அப்படியானால் எதைச் சாடுகிறார்? கதையைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டு, ஸ்பெயினின் செவில் நகரம். முந்தின நாள்தான் ஏறத்தாழ நூறு பேரை மதத் துரோகிகள் என்று எரித்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் இயேசு சத்தமில்லாமல் வந்து நிற்கிறார். பேராலய வாசலில் வெள்ளைச் சவப்பெட்டியில் கிடக்கும் ஏழு வயதுச் சிறுமியை ‘தலீத்தாகூமி’ (சிறுமியே, எழுந்திரு) என்று எழுப்புகிறார். அந்த நேரம் பார்த்து வருகிறார் விசாரணைத் தலைவரான தொண்ணூறு வயதுக் கர்தினால். கைது செய்யச் சொல்கிறார். இத்தனை நேரம் அழுதுகொண்டிருந்த கூட்டம் சட்டென்று கர்தினால் முன் தலை தாழ்த்துகிறது. என்னைக் கேட்டால், இரவு சிறையில் அவர் பேசும் நீண்ட பேச்சைவிட இந்தத் தலைதாழ்த்தல்தான் கடுமையான விமரிசனம்.

சிறையில் அவர் வைக்கும் வாதம் தெரிந்ததுதான். வனாந்தரத்தில் சாத்தான் உனக்கு மூன்று சோதனைகள் வைத்தான்: கல்லை அப்பமாக்கு, ஆலய உச்சியிலிருந்து குதி, என்னை வணங்கினால் உலக ராஜ்யங்கள் உனக்கு. மூன்றையும் நீ தள்ளிவிட்டாய். மனிதனுக்குத் தாங்கமுடியாத சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். நாங்கள் உன் வேலையைத் திருத்தி, அற்புதம், மறைபொருள், அதிகாரம் என்ற மூன்றின்மேல் நிறுத்தினோம் என்கிறார். எட்டு நூற்றாண்டுகளாகவே நாங்கள் உன்னோடு இல்லை, அவனோடு (சாத்தானோடு) இருக்கிறோம், ரோமையும் சீசரின் வாளையும் எடுத்துக்கொண்டோம் என்றும் ஒப்புக்கொள்கிறார். 16இல் எட்டைக் கழித்தால், பிராங்கு மன்னன் பெப்பின் போப்பாண்டவருக்கு ஆள நிலம் கொடுத்த 756 இருக்கும் நூற்றாண்டு.

இதோடு நாவலின் முதல் பாகத்து இரண்டாம் புத்தகத்தில் துறவி பாயிஸி சொல்வதைச் சேர்த்துப் படிக்கவேண்டும். திருச்சபை அரசாக மாறுவது ரோமின் கனவு, அதுதான் பிசாசின் மூன்றாவது சோதனை என்கிறார் அவர். சொல்பவர் ஒரு மடாலயத்துத் துறவி! ஆகவே இங்கே குற்றவாளி அமைப்பு அல்ல. அரசாளப் போன சமயம். இந்தக் கட்டுரைக்கு ‘அரியணைச் சமயம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

> ‘பீடச் சமயம்’ சுருக்கமாக இருக்குமே? பீடாதிபதி என்கிறோமே.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பீடம் என்றால் பலிபீடம். பூசையில் உதவும் பையன்கள் பீடச் சிறுவர்கள். பாவம், அவர்களை ஏன் இழுக்கவேண்டும்? தவிர, வத்திக்கானின் ஆட்சியைத் ‘திருப்பீடம்’ என்றே எழுதுகிறார்கள். தாஸ்தாயெவ்ஸ்கி குறிவைத்தது அதைத்தான் என்றாலும், கலைச்சொல் ஒரு சபையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது.

‘பேரபிள்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். விவிலியத் தமிழில் ‘உவமை’ இருக்கிறது. இலக்கணத்து உவமையோடு குழம்பாமலிருக்க ‘உவமைக்கதை’ போதும்.

அன்புடன்,
கோவையிலிருந்து

*

மறு: மறு: ‘நிறுவனச் சமயம்’ பொருந்துமா?

ஐயா, ‘அரியணை’ மூன்றாவது சோதனையை மட்டும்தானே பிடிக்கிறது? அப்பமும் அற்புதமும் வெளியே நிற்கின்றனவே. கர்தினாலின் வாதத்தில் பாதி சோற்றைப் பற்றியது. முதலில் சோறு போடு, அப்புறம் நல்லொழுக்கம் கேள் என்றுதான் ஜனம் சொல்லும் என்கிறாரே.

*

மறு: மறு: மறு: ‘நிறுவனச் சமயம்’ பொருந்துமா?

நல்ல கேள்வி. ஆனால் அந்த அப்பத்தை யார் கையால் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் விளைத்ததை அவர்களிடமே வாங்கித் திரும்பப் பங்கிடுகிறோம், அப்பத்தைவிட எங்கள் கையிலிருந்து வாங்குவதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி என்று அவரே சொல்கிறார். இங்கே அப்பமும் ஆட்சிக் கருவிதான். அற்புதமும் அப்படியே.

சமூகவியல் நூல்களுக்கு, விருப்பு வெறுப்பில்லாத பொதுச்சொல்லாக, ‘நிறுவனச் சமயம்’ பட்டியலில் இருக்கட்டும். ‘அரியணைச் சமயம்’ விமரிசனச் சொல். அதைத் தனிப் பதிவாகச் சேர்க்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.