மரவில்லுக்குச் சுரண்டி: கடையில் வாங்கியதா, பழைய ரம்பமா? உங்கள் அனுபவத்தைப் போடுங்கள்

சுங்கை சிப்புட் அண்ணன்:

வில் செய்ய வரும் தம்பிகள் முதலில் கட்டையைப் பற்றிக் கேட்கிறார்கள், அப்புறம் நாணைப் பற்றி. சுரண்டியைப் பற்றி, அதாவது ஓரத்தால் மரத்தை மெல்லிய சுருளாகச் சீவும் எஃகுத் தகட்டைப் பற்றி, கேட்பவர் அபூர்வம். பாராங் கத்தியால் செதுக்கி, அரத்தால் ராவி, நேரே சேண்ட் பேப்பருக்குப் போய்விடுகிறார்கள். வில் வில்லாகிற வேலையே அரத்துக்கும் சேண்ட் பேப்பருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப்படி மாறும். பிடிக்கு இருபுறமும் வளைகிற பாகம்தான் வில்லின் கை. 12 மில்லிமீட்டர் கனமுள்ள கையில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் கனம் நான்கு சதவீதம்தான் குறைகிறது. விறைப்போ தோராயமாக 12 சதவீதம் இறங்கிவிடும். இரண்டு கையிலும் முழு நீளத்துக்கு அப்படி எடுத்தால் 40 பவுண்டு இழுவிசை உள்ள வில் 35-க்கு வந்து நிற்கும். ஒரே இடத்தில் எடுத்தால் வில் அந்த இடத்தில் மட்டும் மடங்கும், ஒருநாள் அங்கேயே உடையும். முரட்டு அரம் அந்த அரை மில்லிமீட்டரைக் கண்மூடித் திறப்பதற்குள் தின்றுவிடும். நல்ல சுரண்டி ஓர் இழுப்புக்கு எடுப்பது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இராது. சேண்ட் பேப்பரும் கொஞ்சமாகத்தான் எடுக்கும், ஆனால் எங்கே எவ்வளவு போனது என்று கைக்குத் தெரியாது. ஓரங்களையும் உருட்டி வைத்துவிடும்.

நம் ஊர்க் கட்டைகளுக்குச் சுரண்டி இன்னும் அவசியம். மெர்பாவ், பாலாவ் என்ற மலேசிய வன்மரங்கள் இரண்டிலும் ரேகை ஒரே பக்கம் ஓடாது. ஓர் அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம் சாயும். இழைப்புளியை எந்தத் திசையில் தள்ளினாலும் ஒரு பட்டை வழுவழுப்பாக வரும், பக்கத்துப் பட்டை பெயர்ந்துகொண்டு வரும். இந்தக் குறுக்கு ரேகைக்குப் பயந்துதான் வில்லின் முதுகுக்கு (எய்பவருக்கு எதிர்ப்புறம்) பெத்தோங் மூங்கிலை ஒட்டுகிறோம். முதுகு மூங்கில் அப்படியே இருக்கட்டும். சுரண்டி போவது எய்பவரைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கக் கட்டையில். அது ரேகையைப் பார்க்காது, எந்தப் பக்கம் இழுத்தாலும் வெட்டும்.

கடைத் தகடு மோசமில்லை. பெரும்பாலும் 0.6, 0.8 மில்லிமீட்டர் கனத்தில் வரும். மேசைப் பலகைக்குப் போதும், வில் கைக்கு மெலிசு என்பது என் கட்சி. மெலிந்த தகடு மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே தடவிக்கொண்டு போகும். நமக்கு மேடு மட்டும் போக வேண்டும்.

என் தேர்வு பழைய கைரம்பம். பழைய இரும்புக் கடையில் கைப்பிடி உடைந்து கிடக்கும், எடைக்குப் போடுவார்கள். தரமான பழைய ரம்பத் தகடு ஒரே கனத்தில் இராது. பல் பக்கம் கனம், முதுகுப் பக்கம் மெலிசு. மரத்தில் சிக்காமல் ஓடுவதற்காக அப்படி. பல்லை ஒட்டி வெட்டினால் விறைப்பான சுரண்டி, முதுகை ஒட்டி வெட்டினால் வளைகிற சுரண்டி. புது ரம்பம்தான் கிடைக்கிறது என்றால் பல் நுனி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அது பல்லை மட்டும் கடினப்படுத்திய ரகம், அரம் வழுக்கும். பல்லை வெட்டி எறிந்துவிட்டு மேல் தகட்டை வைத்துக்கொள்ளலாம். கிரைண்டரில் வெட்டும்போது ஓரம் நீலம் பாய்ந்தால், நீலம் போகும்வரை அரத்தால் ராவிவிடுங்கள். அந்த இடத்தில் பதம் இறங்கியிருக்கும்.

அப்புறம் பிசிர், அதாவது வெட்டுவதற்காகத் தகட்டின் ஓரத்தில் எழுப்பும் நுண்ணிய கொக்கி. ஓரத்தைச் செங்கோணமாக ராவி, அரத்தின் கோடு மறையும்வரை சாணைக்கல்லில் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கடினமான கம்பியால் அழுத்தி இழுக்க வேண்டும். முதலில் தகட்டின் முகத்தோடு படிய, பிறகு ஓரத்தின் மேல் நேராக, கடைசியில் ஐந்து பத்து டிகிரி சாய்த்து. நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்தால் ஓரத்தில் மாட்ட வேண்டும். பிசிர் பெரிதாக இருந்தால் நன்றாக வெட்டும் என்று சிலர் முரட்டுத்தனமாகச் சாய்க்கிறார்கள். பெரிய பிசிர், தகட்டைப் படுக்க வைத்தால்தான் கடிக்கும். விரல் முட்டி கட்டையில் தேயும்.

வெட்டுகிறதா என்று அறிய சுருளைப் பாருங்கள். மெர்பாவில் நல்ல சுருள் செம்பழுப்பாக எழுந்து வரும். வெளிச்சத்தில் பிடித்தால் அதன் துளைகளில் கந்தக மஞ்சளாகப் பொடி அடைந்திருப்பது தெரியும், அந்த மரத்துக்கே உரியது. பிசிர் மழுங்கினால் சுருள் நின்று, எல்லாம் கலந்த காவித் தூள் விரலில் ஒட்டும். அப்போது இன்னும் அழுத்தாதீர்கள், பிசிரைப் புதுப்பியுங்கள். இன்னொன்று: வியர்வைக் கையும் இரும்புத் தூளும் சேர்ந்தால் மெர்பாவில் கறுப்புப் புள்ளி விழும். பக்கத்தில் ஒரு துணி இருக்கட்டும்.

இழுக்கும் முன் வயிற்றுப் பக்கம் முழுக்க பென்சிலால் கிறுக்கிவிடுவேன். கிறுக்கல் மறைந்தால் ஒரு சுற்று சமமாகப் போனது என்று அர்த்தம். பிறகு வில்லை இருபது முப்பது தடவை பாதி இழுவைக்கு அசைத்துவிட்டு வளைவைப் பார்க்கிறேன். எடுத்ததன் பலன் உடனே தெரியாது.

நீங்கள் எதை வைத்துச் சுரண்டுகிறீர்கள்?

லாசா ரோடு ஒர்க்‌ஷாப் தம்பி:

அண்ணே, பிசிர் எழுப்புற கம்பிக்குக் காசு கொடுக்காதீங்க. கப்சாய் மோட்டார்சைக்கிள் என்ஜின்ல கழட்டிப் போட்ட வால்வு எந்த ஒர்க்‌ஷாப்லயும் சும்மா கிடக்கும். தண்டு வழவழன்னு, நல்ல கடினம். தேய்மானக் கோடு இல்லாததாப் பார்த்து எடுத்து, ஒரு கட்டையில துளை போட்டுச் சொருகினா வேலை முடிஞ்சது. ஸ்க்ரூடிரைவர் தண்டுல செய்யலாம்னு சொல்வாங்க. சிலதுல ஆகும், சிலது தகட்டைவிட மென்மையா இருக்கும். பிசிர் எழாது, ஸ்க்ரூடிரைவர்லதான் கீறல் விழும்.

ரம்பத் தகடு நல்லதுதான். ஆனா பாலாவ்ல ஆரம்ப வேலைக்கு நான் மெஷின் ஹேக்சா பிளேடு வச்சிருக்கேன். இரும்பு அறுக்குற பெரிய மெஷின்ல வர்ற அகல பிளேடு, 2 மில்லிமீட்டர் கனம், ஹைஸ்பீட் ஸ்டீல். அதுல வால்வை வச்சு எவ்வளவு அழுத்தினாலும் ஒண்ணும் நடக்காது. பெஞ்ச் கிரைண்டர்ல ஓரத்தைச் செங்கோணமாப் பிடிச்சா கல்லே ஒரு முரட்டுப் பிசிரை விட்டுட்டுப் போகும், அது போதும். மழமழப்பு வராது, ஆனா அரத்தோட கோடு எல்லாம் எடுத்துடும். சூடு ஏறி பதம் போயிடுமோங்கிற பயம் இந்த ஸ்டீல்ல குறைச்சல். ஒரே எச்சரிக்கை, துண்டாக்கணும்னு வைஸ்ல வச்சுத் தட்டாதீங்க, தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டு டிஸ்க்கால வெட்டுங்க.

இழுக்க இழுக்கத் தகடு சூடேறி கட்டைவிரல் சுடுறதுக்கு: பிரிட்ஜ்ல ஒட்டுற விளம்பர மேக்னட்டை தகட்டுப் பின்னாடி ஒட்டிடுங்க.

தோட்டத்து அக்கா:

நான் வில் செஞ்சவ இல்ல, ரப்பர் மரத்துல பால் வெட்டினவ. மகன் செய்றான், வாசல்ல உட்கார்ந்து பார்ப்பேன். அவன் சுரண்டின இடமெல்லாம் குறுக்கே வரிவரியா அலை. தகடு சரியில்லன்னு மூணாவது தகடு வாங்கப் போனான். தகடு என்ன பண்ணும்? ஒரே இடத்துல நின்னு, ஒரே கோணத்துல, மணிக்கட்டை மட்டும் ஆட்டி இழுத்தா அலைதான் விழும்.

ஜெபோங்ங்கிற பால்வெட்டுக் கத்தி புடிச்சவங்களுக்கு இது தெரியும். ஒரு வெட்டுக்குப் பட்டையில ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, உள்ளே மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டை நிக்கணும். மரத்தைத் தொட்டுட்டா காயம், அந்த இடம் முடிச்சா வீங்கும், அடுத்த சுற்றுல அங்கே வெட்ட முடியாது. மேற்பார்வை பாக்குற மண்டோர் குத்திப் பார்த்து ஆழம் சொல்லுவார், திட்டும் சேர்த்து. அந்தப் பயத்துல கை கத்துக்கிட்டது என்னன்னா, மணிக்கட்டு பூட்டியே இருக்கும், உடம்புதான் நகரும். கத்தியைத் தீட்டாம ஒரு நாளும் மரத்துக்கிட்ட போனதில்ல. இருட்டுல விரலால தடவியே முனை எப்படின்னு சொல்லிடுவோம். மகன்கிட்ட அதத்தான் சொன்னேன்: தகட்டைச் சாய்ச்சு வை, பிடியிலிருந்து நுனி வரைக்கும் நடந்துக்கிட்டே இழு. இப்ப வரி குறைஞ்சிருக்கு. அவன் கேட்டா தகடு மாத்தினதாலன்னு சொல்லுவான்.

கோலகங்சார்க்காரன்:

1877-இல ஒன்பது ரப்பர் கன்று நட்ட ஊர்லேருந்து கேக்குறேன், சிரிக்காதீங்க. மறுநடவுக்குச் சாய்ச்ச பால்மரம் இங்க சும்மா கிடைக்குது. அதுல வில் ஆகுமா? இன்னொண்ணு, எங்க கோயில் திருவிழாவுல வில்லுப்பாட்டு வைக்கிறோம். அந்த வில்லுக்கும் இதே மாதிரி சுரண்டணுமா?

சுங்கை சிப்புட் அண்ணன்:

அக்கா சொன்னதுதான் முழு வைத்தியம். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: வரி விழுந்துவிட்டால் அதே திசையில் இழுத்து அதை எடுக்க முடியாது, ஒவ்வொரு பள்ளத்திலும் தகடு மறுபடி இறங்கும். தகட்டை 45 டிகிரி திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். விறைப்பான தகடாகவும் இருக்க வேண்டும். அலையின் பள்ளமெல்லாம் மெலிந்த இடம் என்பதால் அப்படியே விட்டு நாண் பூட்டுவது நல்லதில்லை.

கோலகங்சார் தம்பி, பால்மரத்தில் மாவும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப்போட்டால் சீக்கிரமே நீலம் பூக்கும், வண்டு துளைக்கும். நாற்காலி செய்யும் தொழிற்சாலைகள் அறுத்த கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் காயவைப்பது அதனால்தான். 40 பவுண்டு வில்லுக்கு நான் அதை நம்ப மாட்டேன். சுரண்டிப் பழகுவதற்கு அதைவிட நல்ல கட்டை இல்லை: வெளிர் நிறம், பென்சில் கிறுக்கல் பளிச்சென்று தெரியும், வீணானால் அடுப்புக்குப் போகும். வில்லுப்பாட்டு வில்லை யாரும் இழுத்து எய்யப் போவதில்லை, நாணில் வீசுகோல் விழும், அவ்வளவுதான். வளைவு அழகாக நின்றால் போதும். கை படும் இடத்தில் சிராய் இல்லாமல் எடுத்துவிடுங்கள்.

ஈரத்தையும் மறக்காதீர்கள். நம் காற்றில் கட்டை காய்ந்தாலும் 15 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். மழை மாதத்தில் வில் தளர்ந்து வளையும். அந்த வளைவை நம்பி கடைசிச் சுரண்டலைச் செய்தால் அளவு தப்பும். பல்பு போட்ட பெட்டியில் சில நாள் வைத்து, எடை குறைவது நின்றபின் தொடுங்கள்.

பிடிக்குப் பக்கத்தில் வளைந்து இறங்கும் இடத்துக்கு நேர்த்தகடு ஆகாது. ரம்பத்தின் முதுகுப் பக்கத் துண்டில் ஒரு ஓரத்தை வில்வட்டமாக வெட்டி அதே மாதிரி பிசிர் ஏற்றுங்கள். இந்தச் சனிக்கிழமை இரும்புக் கடைக்குப் போகிறேன். ரம்பம் அகப்பட்டால் பல் பக்கத் துண்டு முதலில் கேட்பவருக்கு, முதுகுப் பக்கம் எனக்கு.