ராஸ்பெரி பை: மூன்றாவது ஹார்ட் டிஸ்க் செருகினால் மூன்றும் காணாமல் போகின்றன. உதவி!

அகல்விளக்கு:
வணக்கம். என் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதைச் செருகியதும் மூன்றும் ஒரே நேரத்தில் காணாமல் போகின்றன. சில நேரம் பையே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டேன். வீட்டுப் படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, கொஞ்சம் அவசரம்.

செம்புக்கம்பி:
எந்தப் பை? 4ஆ, 5ஆ? டிஸ்க் 2.5 அங்குலமா, 3.5 அங்குலமா? அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது? நடுவில் ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) உண்டா?

கர்னல்பித்தன்:
இது யூஏஎஸ்பி (யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை) கோளாறு. டிஸ்க்கை யூஎஸ்பியோடு இணைக்கும் சில யூஎஸ்பி-சாட்டா சிப்புகள் லினக்ஸில் அந்த முறையில் ஒழுங்காக ஓடாது, நடுவில் தொடர்பை அறுத்துவிடும். பை தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் அந்தச் சிப்பின் எண்ணைக் கொடுத்து யூஏஎஸ்பியை நிறுத்துங்கள்.

மாடப்புறா:
இரட்டை வால் கேபிள் போடுங்கள். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு போர்ட்டிலிருந்து கரண்ட் வரும்.

செம்புக்கம்பி:
@மாடப்புறா, பை 4ல் அது உதவாது. நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்துத்தான் 1.2 ஆம்பியர் வரம்பு. இரண்டு வாலையும் அதே பையில் செருகினால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. ஒரு வாலைத் தனி அடாப்டரில் செருகினால் மட்டும் பலன் உண்டு.

அகல்விளக்கு:
பை 4. 2.5 அங்குலம். ஹப் இல்லை, நேராகச் செருகியிருக்கிறேன். அடாப்டர் போனுக்கு வந்தது, வேகமாகச் சார்ஜ் ஏற்றும் வகை.

மூத்தபதிவன்:
இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கமே போய்விட்டது. கூட்டல் தெரிந்தால் போதும் தம்பி. 2.5 அங்குல டிஸ்க் ஓடும்போது அரை ஆம்பியருக்குள் அடங்கும். ஆனால் சுற்றத் தொடங்கும் ஓரிரு நொடி ஒரு ஆம்பியரையே தொடும். ஏற்கெனவே இரண்டு ஓடுகின்றன, மூன்றாவது எழுந்திருக்க எங்கிருந்து கரண்ட் வரும்? போன் அடாப்டரின் வேகமெல்லாம் பெரும்பாலும் 9 வோல்ட், 12 வோல்ட்டில்தான். பை 4 அதைக் கேட்காது, அதற்கு 5 வோல்ட்தான். அந்த 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வருமா என்று பாருங்கள்.

செம்புக்கம்பி:
கணக்கு சரி, சொன்ன விதம்தான் கொஞ்சம் கடுமை. @அகல்விளக்கு, ஊகம் வேண்டாம், பையே சொல்லும். டெர்மினலில் விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு (vcgencmd get_throttled) என்ற கட்டளையைக் கொடுங்கள். 0 வந்தால் பைக்கு வரும் மின்சாரம் சரி. கடைசி இலக்கம் 1 அல்லது 5 என்றால் இந்த நொடியே மின்னழுத்தம் குறைவு. 50000 என்றால் பூட் ஆன பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. 4.63 வோல்ட்டுக்கு அருகே இறங்கினாலே பை அதைக் குறித்துக்கொள்ளும்.

அப்புறம், முதலில் படங்களை வேறிடத்தில் பிரதி எடுங்கள். ஒரு டிஸ்க் மட்டும் செருகி, ஒவ்வொன்றாக. எழுதும்போது கரண்ட் போனால் கோப்பு முறைமை பாழாகும்.

கர்னல்பித்தன்:
மின்சாரமாகவும் இருக்கலாம், ஆனால் யூஏஎஸ்பியை நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லையே.

மூத்தபதிவன்:
நஷ்டம் உண்டு, வேகம் குறையும். பையே ரீஸ்டார்ட் ஆகிறது என்கிறார், அது சிப் கோளாறில் வராது.

நீலக்குயில்:
மூன்று டிஸ்க் இருக்கிறதே, ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) போட்டுவிட்டால் ஒன்று போனாலும் தரவு நிற்கும்.

செம்புக்கம்பி:
யூஎஸ்பியில் ரெய்டு வேண்டவே வேண்டாம். ஹப் ஒரு நொடி தடுமாறினால் மூன்றும் சேர்ந்து விழும். ரெய்டு 5 தாங்குவது ஒரு டிஸ்க் போவதை மட்டும்.

நீலக்குயில்:
நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், இதுவரை விழவில்லை.

மூத்தபதிவன்:
விழாதவரை எல்லோருக்கும் ஓடும். ரெய்டு பேக்கப் ஆகாது, இதை எத்தனை முறை எழுதுவது?

நீலக்குயில்:
பேக்கப் என்று நான் சொல்லவே இல்லை. நின்றுபோகாமல் ஓடுவதற்குத்தான் சொன்னேன். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

செம்புக்கம்பி:
ரெய்டுக்குத் தனி இழை திறந்துகொள்ளலாம். @அகல்விளக்கு, தீர்வு தனி அடாப்டர் உள்ள ஹப். டிஸ்க்குக்கு ஒரு ஆம்பியராவது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்றுக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 4 இருந்தால் நிம்மதி. ஏழு போர்ட் ஹப்புக்கு 2 ஆம்பியர் அடாப்டர் வைத்து விற்பவர்களும் உண்டு, போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். பையின் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ஹப்பை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். பையில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஹப் பின்பக்கமாகக் கரண்டைத் தள்ளுகிறது, அந்த ஹப் வேண்டாம். நாளைக்கு 3.5 அங்குலத்துக்கு மாறினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும், தனி அடாப்டருடன் வரும் பெட்டிதான் வழி.

தென்றல்7:
பை 5லும் இதே கதையா?

செம்புக்கம்பி:
5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் யூஎஸ்பிக்கு மொத்தம் 1.6 ஆம்பியர் தரும். 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திவிடும். ஆகவே பழைய அடாப்டரோடு பை 5க்கு மாறினால் நிலைமை இன்னும் மோசம்.

அகல்விளக்கு:
50005 வந்தது. படங்களைப் பிரதி எடுத்துவிட்டேன். தனி அடாப்டர் ஹப் போட்டு, பைக்கும் 3 ஆம்பியர் அடாப்டர் மாற்றியாயிற்று. மூன்றும் ஓடுகின்றன, இப்போது 0 வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

செம்புக்கம்பி:
மகிழ்ச்சி. ஹப் அடாப்டர் எத்தனை ஆம்பியர்? சிவப்பு விளக்கைச் சோதித்தீர்களா?

தென்றல்7:
நானும் அதே ஹப்பைத்தான் தேடுகிறேன். மாடல் எண் சொல்லுங்களேன் @அகல்விளக்கு