மறுபிறப்பை நம்பிக்கொண்டு திடப்படுத்தல் வகுப்பு எடுக்கலாமா?

இரவு ஷிஃப்ட் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். சபையிலேயே பிறந்து வளர்ந்தவள். பாடகர் குழுவில் ஆல்டோ. முறை வந்தால் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பேன். இப்போது ஆயர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த திடப்படுத்தல் வகுப்பை (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடுமுன் படிக்கும் வகுப்பு) நீங்கள்தான் எடுக்கவேண்டும் என்கிறார். பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. நான் மறுபிறப்பை நம்புகிறவள் என்பது அவருக்குத் தெரியாது.

இது ஏதோ ஒரு ஆசிரமத்திலோ யூடியூப்பிலோ பிடித்துக்கொண்டு வந்ததில்லை. வார்டில் வந்தது. 23 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்குச் சில நேரம் கண் இமைகூடப் பிரிந்திருக்காது. தோல் உரிந்து வந்துவிடும் என்பதால் சாதாரண பிளாஸ்திரி ஒட்டமாட்டோம். அப்படி ஒரு உயிர் சில மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறது. அதற்கும் 80 வயது வாழ்ந்து முடித்தவருக்கும் ஒரே ஒரு ஆயுசுதான், அதோடு கணக்கு முடிந்தது என்று சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த உயிர் திரும்ப வரும், முழுசாக ஒரு ஆயுசு வாழும் என்று நம்புகிறேன். முன்வினை, கர்மா என்று யாராவது இன்குபேட்டர் பக்கத்தில் நின்று பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன். திரும்ப வருவதை நான் கிருபையாகத்தான் பார்க்கிறேன்.

இயேசுவை ஆண்டவர் என்று முழு மனதோடு அறிக்கையிடுகிறேன். திருவிருந்து இல்லாத வாரம் எனக்கு வாரமாகவே இருக்காது. ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடம் வந்தால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. பல ஆயுசு என்றால் எந்தச் சரீரம்?

இந்த நம்பிக்கையோடு நான் சபையில் இருப்பது நேர்மையா? இருக்கலாம் என்றால், வகுப்பும் எடுக்கலாமா? வேறு சபை தேடிக்கொள் என்ற பதில் மட்டும் வேண்டாம்.

வசனம் மட்டும்

சகோதரி, எபிரெயர் 9:27. "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்." இதற்கு மேல் என்ன வேண்டும்? எலியா தீர்க்கதரிசிதான் யோவான் ஸ்நானகனாக வந்தார் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: "நீர் எலியாவா" என்று கேட்டபோது யோவானே இல்லை என்றார் (யோவான் 1:21). எலியா மரிக்கவே இல்லை, உயிரோடு எடுத்துக்கொள்ளப்பட்டவர். மரிக்காதவருக்கு மறுபிறப்பு ஏது?

நீங்கள் சபையில் இருங்கள், யாரும் துரத்தவில்லை. வகுப்பு மட்டும் வேண்டாம். பெற்றோர் உங்களை நம்பி அனுப்பவில்லை, சபையை நம்பி அனுப்புகிறார்கள்.

திறந்த ஜன்னல்

அக்கா, கவலையே வேண்டாம். ஆதித் திருச்சபை மறுபிறப்பை நம்பியது. 553-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஆயர்கள் கூடிய சங்கத்தில்தான் அதை பைபிளிலிருந்து வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கும் நம்மில் எத்தனையோ பேர் மனசுக்குள் நம்புகிறார்கள். 2018-இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் எடுத்த கணக்கில் கிறிஸ்தவர்களில் 29 சதவீதம் பேர் மறுபிறப்பை நம்புவதாகச் சொன்னார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

ஓய்வுபெற்ற உபதேசியார்

29 சதவீதம் சரி. 553 கதை சரியில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கதை காதில் விழுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்தச் சங்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் கண்டனங்கள் ஆதிச் சபை அறிஞர் ஓரிகன் பெயரில் வழங்கிய போதனைகளைப் பற்றியவை: ஆத்துமாக்கள் உடலுக்கு முன்பே இருந்தன என்பது ஒன்று, முடிவில் எல்லாமே தேவனிடம் திரும்பச் சேரும் என்பது இன்னொன்று. பைபிளில் யாரும் கத்தரிக்கோல் வைக்கவில்லை. சினாய், வத்திக்கான் என்ற பழைய பைபிள் கையெழுத்துப் பிரதிகள் இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அந்தச் சங்கத்துக்கு முந்தியவை. அவற்றிலும் மறுபிறப்பு கிடையாது. அதோடு, ஓரிகனே மத்தேயு விளக்கத்தில் ஆத்துமா உடல்விட்டு உடல் மாறுவது சபையின் போதனை அல்ல என்று மறுத்திருக்கிறார். அவருக்கு முன்பே 2-ஆம் நூற்றாண்டு ஆயர் இரேனியு, முற்பிறவி இருந்தால் நமக்கு அதன் ஞாபகம் எங்கே என்று கேட்டுவிட்டார். ஆகவே தம்பி கொடுத்த ஆறுதலைச் சகோதரி எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது சகோதரிக்கு. இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

சபையில் இருப்பது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கத்தோலிக்கரின் மறைக்கல்வி நூல் 1013-ஆம் பத்தியில் மரணத்துக்குப் பிறகு மறுபிறவி இல்லை என்று நேரடியாகவே சொல்கிறது. அவர்களுடைய சட்டத்திலும்கூட ஒரு கருத்து "பேதகம்" (சபை தள்ளும் தவறான போதனை) ஆவதற்குப் பிடிவாதமான மறுப்போ பிடிவாதமான சந்தேகமோ இருக்கவேண்டும். ஜெர்மன் துறவி எக்கார்ட் மேல் விசாரணை நடந்தபோது அவர் சொன்ன பதிலும் இதுதான்: நான் தவறலாம், ஆனால் பேதகன் ஆகமாட்டேன், தவறுவது அறிவின் வேலை, பேதகம் சித்தத்தின் வேலை. (அவர் இறந்தபிறகு 1329-இல் அவருடைய 28 கூற்றுகளைப் போப் கண்டித்தார், அது வேறு.) ஆங்கிலிக்கன் மரபிலும் அதன் போதனைகளை வகுத்த 39 பிரமாணங்களுக்குக் கையெழுத்துக் கேட்டது குருமாரிடம், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை. குரல் இறங்குகிற இடத்தில் இறங்கட்டும். வாயை மூடாமல் இருக்கிறீர்களே.

ஆனால் சரீரம் பற்றிய உங்கள் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. மறுபிறப்பைச் சபை மறுப்பது ஏதோ ஒரு வசனத்துக்காக மட்டும் இல்லை. இந்த உடம்போடு இருந்த இந்த ஆள்தான் எழுப்பப்படுவார் என்பது சபையின் நம்பிக்கை. இமை பிரியாத அந்தக் குழந்தை வேறொரு அம்மாவுக்கு வேறொரு பிள்ளையாகத் திரும்பி வந்தால், இந்த அம்மா தூக்கின பிள்ளை எங்கே போயிற்று? நர்ஸாக இருக்கிற உங்களுக்கு இந்தக் கேள்வி என்னைவிட நன்றாகப் புரியும்.

உங்கள் மனசு உறுத்துவது நியாயத்தைப் பற்றி. அதற்கு மறுபிறப்புதான் ஒரே வழி என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுவுக்கு மிக லேசான தண்டனையாவது உண்டு என்று ஆதிச் சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீன் எழுதினார். நூற்றாண்டுக்கணக்கில் பெற்றோரை அழவைத்த வரி. அவருக்கு ஒரு தலைமுறை முன்னே நிசாவின் ஆயர் கிரகோரி, அகாலத்தில் இறக்கும் குழந்தைகளைப் பற்றியே தனியாக எழுதியிருக்கிறார். அந்த ஆத்துமா தேவனிடத்தில் பால் குடிக்கிற பிள்ளையைப்போல தன் கொள்ளளவுக்கு வாங்கிக்கொள்ளும், வளர வளர இன்னும் வாங்கும் என்கிறார். வளர்ச்சி உண்டு, ஆனால் இங்கே திரும்பி வந்து இல்லை. இதே கிரகோரி உடல்விட்டு உடல் மாறுவதை மறுத்தவர், முடிவில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பியவர், இன்றுவரை பரிசுத்தவான் என்று எண்ணப்படுகிறவர். கத்தோலிக்க இறையியல் ஆணையமும் 2007-இல் இந்தக் குழந்தைகளுக்கு மீட்பின் நம்பிக்கை உண்டு என்றே எழுதியது.

என் கோணலையும் சொல்லிவிடுகிறேன். நரகம் ஒருநாள் காலியாகும் என்று நம்புகிறவன் நான். வகுப்பு எடுக்க வருமுன் என் ஆயரிடம் சொன்னேன். "ஜெபத்தில் கேளுங்கள், பாடத்தில் சேர்க்காதீர்கள்" என்றார். அப்படியே செய்தேன். ஒரு பையன், "நீங்க என்ன நினைக்கிறீங்க ஐயா" என்று மடக்கினால், சபை சொல்வது இது, நான் நம்புவது இது, இரண்டும் ஒன்றில்லை என்று சொல்வேன். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சுலபமாகத் தாங்குகிறார்கள். ஒளித்துவைத்தால்தான் மோப்பம் பிடிப்பார்கள்.

ஆக, வகுப்பு எடுக்கலாமா என்பதற்குப் பதில் ஆயரிடம் இருக்கிறது. சொல்லிவிட்டு எடுத்தால் எடுக்கலாம். சொல்லாமல் எடுத்தால், விஷயம் வெளியே வருகிற அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்கமுடியாது. விலை இருக்கும் என்பதும் உண்மை. நித்திய தண்டனைப் போதனையைக் கேள்வி கேட்டதற்காக 1853-இல் ஆங்கிலிக்கன் குரு ஃபிரெடரிக் டெனிசன் மாரிஸ் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் வேலையை இழந்தார். சபையை விட்டு அவர் போகவில்லை, சபையும் அவரைத் தள்ளவில்லை. 1866-இல் கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக அழைத்தது.

வசனம் மட்டும்

நரகம் காலியாகும் என்பதில் உபதேசியாரோடு எனக்கு ஒத்துவராது, அதை வேறு நாள் பேசுவோம். ஆயரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரவு ஷிஃப்ட்

உபதேசியார் ஐயா, "இந்த அம்மா தூக்கின பிள்ளை எங்கே போயிற்று" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. என் நம்பிக்கை அதனால் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இரவு வேலை முடிந்து வரும்போது அது அங்கேயேதான் இருக்கிறது. கிரகோரி எழுதினதை ஒரு நண்பர் உதவியோடு படித்துப் பார்த்தேன். பால் குடிக்கிற பிள்ளை என்ற பகுதி பிடித்திருந்தது. ஆனால் வளர்ந்து பெரிய பாவி ஆவான் என்று தேவன் முன்னறிந்து சிலரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறாரே, அதை எந்தத் தாயிடமும் சொல்லமாட்டேன். பரிசுத்தவானாக இருந்தாலும் சரி.

ஆயரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். ஒரு சின்ன விஷயம். எங்கள் வார்டில் பெற்றோர் கேட்டுக்கொண்டு, ஆயர் வந்து சேர நேரம் இல்லை என்றால், நானே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன். சிரிஞ்சில் சுத்திகரித்த தண்ணீர் எடுத்து, நெற்றியில் மூன்று துளி, திரியேக தேவனின் நாமத்தில். என் நம்பிக்கை இப்படி இருக்கும்போது நான் கொடுத்தது செல்லுமா?

ஓய்வுபெற்ற உபதேசியார்

செல்லும். கொடுக்கிறவருடைய தகுதியின்மேல் ஞானஸ்நானம் நிற்காது. தகுதியற்ற குரு கொடுத்தால் செல்லாது என்று சொன்ன தொனாத்தியர் காலத்திலேயே அகஸ்தீன் வாதாடி முடித்த விஷயம் அது. அவரைப்பற்றி மேலே குறை சொன்னேன், இதில் அவர் பக்கம்தான் நிற்கிறேன். தண்ணீர், திரியேக நாமம், சபை செய்வதைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் மூன்றும் இருந்ததே.

அவசர ஞானஸ்நானத்தை ஆயருக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். நீங்கள் கொடுத்தவை ஏறியிருக்கின்றனவா? இல்லையென்றால் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, பெயரும் தேதியும் எழுதி ஆயரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். மறுபிறப்புப் பேச்சைப் பிறகு ஆரம்பிக்கலாம், முதலில் அந்தப் பட்டியலைக் கொடுங்கள்.