குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டது, புல்விரிப்பும் வழுக்குகிறது: பாசிக்கொல்லி ஊற்றலாமா?

ஆயர் ஈத்தாம் வீட்டுக்காரர்:
வணக்கம். பினாங்கில் எங்கள் வீட்டு முன்புறத்தில் ஏறத்தாழ 1,000 லிட்டர் கொள்ளும் சிமெண்டுக் குளத்தில் 8 கோய் மீன்கள் வளர்க்கிறேன். மூன்று வாரங்களாகத் தண்ணீர் கரும்பச்சையாகி, ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் மீன்கூடத் தெரியவில்லை. பக்கத்தில் விரித்திருக்கும் செயற்கைப் புல்விரிப்பிலும் பாசி படர்ந்து, நேற்று அம்மா சறுக்கி விழப் பார்த்தார். கடையில் பாசிக்கொல்லி கொடுத்திருக்கிறார்கள், ஊற்றலாமா?

பட்டர்வொர்த் மீன்வளர்ப்பாளர்:
ஐயா, இப்போதைக்கு ஊற்ற வேண்டாம். முதலில் அது என்ன பாசி என்று பாருங்கள். கண்ணாடிக் குவளையில் குளத்து நீரை எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் பழுப்பாகப் படிந்தால் சேறு. முழுவதும் பச்சையாகவே நின்றால் மிதக்கும் ஒற்றைச்செல் பாசி. குச்சியில் சுற்றி இழுக்க வந்தால் இழைப்பாசி, அதைக் கையாலேயே எடுத்துவிடலாம். தோல்போல் உரிந்து வந்து மண்வாடை அடித்தால் அது சயனோபாக்டீரியா. பாசிபோல் தெரிந்தாலும் பாக்டீரியா வகை.

ஆயர் ஈத்தாம் வீட்டுக்காரர்:
குவளை நீர் பச்சையாகவே நிற்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

பட்டர்வொர்த் மீன்வளர்ப்பாளர்:
அப்படியானால் இன்றிரவே காற்றுப் பம்பைப் போட்டுவிடுங்கள். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது. 30 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன்தான் கரையும். இந்த நிலையில் மருந்தூற்றி, பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் மீன்கள் மூச்சுமுட்டி இறந்துவிடும். வடிகட்டியோடு புற ஊதா விளக்கைப் பொருத்துங்கள். மிதக்கும் பாசி ஒன்றிரண்டு வாரங்களில் தெளிந்துவிடும். ஆனால் அந்தக் குளத்துக்கு 8 கோய் மிக அதிகம் என்பதை மனவருத்தத்தோடு சொல்கிறேன். அவற்றின் கழிவும் மிச்சத் தீனியும்தான் பாசிக்கு உரம். தீனியைக் குறைத்து, வாரம் கால்பங்கு நீரைக் குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். பாதிப் பரப்பில் அல்லியோ ஆகாயத்தாமரையோ நிழல் தரட்டும்.

சுங்கை ஆரா தோட்டக்காரி:
தம்பி, அம்மா சறுக்கினார் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் விரிப்பின் முனையைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் தண்ணீர் தேங்கி நாற்றமடித்தது. மேலே எத்தனை முறை தேய்த்தும் பாசி திரும்பியதற்கு அதுவே காரணம். விரிப்பைச் சுருட்டி எடுத்து, கெட்டித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துப்போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். தரையில் நீர் வடிய வழி செய்த பிறகே மீண்டும் விரியுங்கள். பிளீச் பயன்படுத்தினால் குளத்துக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கழுவுங்கள், அந்த நீர் சிறிதளவு குளத்தில் கலந்தாலும் மீன் தாங்காது. பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். விரிப்பு காயும்வரை அம்மாவை அந்தப் பக்கம் நடக்க விடாதீர்கள்.